வளையாத வலது கை

ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் எபிநேசரின் முகம், மறுபக்கம் அதியனின் முகம், நடுவில் 'அசலா, நகலா?' என்று ஆளுயர எழுத்து. காசிமேட்டு மீன் மார்க்கெட் சுவரில் இருந்த போஸ்டரில் எபிநேசரின் நெற்றிமேல் யாரோ வெற்றிலைச் சாற்றைத் துப்பியிருந்தார்கள். ஆள் பார்த்துத் துப்பியிருக்க மாட்டார்கள், சுவரைக் கண்டால் துப்புவதுதானே நம்மவர்கள் வழக்கம். ஆனால் நாற்பத்தொரு வயதில் பட்டத்துக்குக் குத்துச்சண்டை போடப் போகிறவனுக்கு எதைப் பார்த்தாலும் சகுனமாகத்தான் தெரியும்.

போஸ்டரில் போட்டிருந்தது பொய்யில்லை. அதியன் ஆசியாவின் மிடில்வெயிட் சாம்பியன். இருபத்து நான்கு வயது, தோற்றதே கிடையாது. உடம்பு அவனுடையது, கை எபிநேசருடையது. இது ரகசியமும் இல்லை. டிக்கெட் விற்றதே அதைச் சொல்லித்தான்.

எபிநேசர் நல்ல பேரோடு இருந்த காலத்தில் ஒரு கம்பெனியின் ஆட்கள் அவனைத் தேடி ராயபுரத்துக்கு வந்தார்கள். மெல்லிய சட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு அவன் பாட்டுக்குப் பயிற்சி செய்தால் போதும். மூளையிலிருந்து தசைக்குப் போகிற கட்டளை ஒவ்வொன்றையும் சட்டை பதிந்துகொள்ளும். பிறகு அதே மாதிரிச் சட்டையை வேறொரு பையனுக்குப் போட்டுவிட்டால், அவன் தூங்கும்போது அந்தக் கட்டளைகள் மெல்லிய மின்சாரமாக அவன் தசைக்குள் இறங்கும். வருஷம் திரும்புவதற்குள் அந்த உடம்பு பாடம் பண்ணிவிடும். இதற்குச் 'சுவடு' என்று பேர் வைத்திருந்தார்கள்.

பதிவு முடியும்வரை எதிரில் நிற்கிறவர் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்பது கம்பெனியின் நிபந்தனை. ஜெசிந்தா நின்றாள். அவன் மனைவி. அவளும் லேசுப்பட்டவள் இல்லை, தேசியப் பதக்கம் வாங்கியவள். எடையில் அவனைவிடக் குறைவு, வேகத்தில் கூட. கையெழுத்துப் போடும் நாளில் அவள்தான் கம்பெனி இன்ஜினியர் விசுவேசனிடம் கேட்டாள்.

"கையை எடுத்துக்கிறீங்க, சரி. கூடவே வேற எதுனா வந்துருமா?"

"பழக்கம் எல்லாமே வந்துரும் மேடம்," என்றான் அவன். "எதுக்காக அப்படிப் பழகினாருன்ற காரணம் மட்டும் வராது. தசைக்குக் காரணம் தெரியாது."

அப்போது மூன்று பேருமே சிரித்தார்கள். நல்ல பதில் என்றுதான் எல்லாருக்கும் பட்டது.

ஜெசிந்தாவின் இடது காது சின்ன வயதில் சீழ் வைத்த காது. சவ்வு நைந்துபோயிருந்தது. இன்னொரு பலமான அடி விழுந்தால் அந்தக் காதை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காக அவள் ரிங்கை விடவில்லை, தலைக்கவசம் போட்டுக்கொண்டு இறங்கினாள். எபிநேசரும் அவளை அடிக்காமல் விட்டுவிடவில்லை, அப்படி விட்டால் அவளுக்குக் கோபம் வரும். வயிறு, விலா, தாடை, வலது பக்கம் என்று எல்லா இடத்திலும் கொடுப்பான். இடது காதுப் பக்கம் மட்டும் போக மாட்டான். வலது கை அந்தப் பக்கம் வளையப் போகிற நேரத்தில் தானாகவே நேராகிவிடும். காதலித்த நாளிலிருந்து வந்த பழக்கம். யோசித்துச் செய்ததில்லை, மூச்சு விடுகிற மாதிரி அது அவனுக்கு.

சுவடு வெளியானது. கெட்ட காலமும் கூடவே வந்தது. இரண்டு வருஷத்தில் அவனோடு மோத வந்தவர்களில் பாதிப் பேர் அவன் மாதிரியே நின்றார்கள், அவன் மாதிரியே நகர்ந்தார்கள். அவனுக்கு முப்பது தாண்டிவிட்டது, அவன் கைக்கு மட்டும் இன்னும் இருபத்தெட்டு. தன் விரலே தன் கண்ணைக் குத்தினால் யாரிடம் போய்ச் சொல்வது? தோற்றான். வெறி பிடித்தவன்போலப் பயிற்சி செய்தான். மறுபடி தோற்றான்.

அப்படி ஒரு நாள் காலையில், ஸ்பாரிங் என்கிற பயிற்சிச் சண்டையில், அவன் வலது கை வளைந்து ஜெசிந்தாவின் இடது காதில் இறங்கியது.

அவன் கவனிக்கவில்லை. அதுதான் கொடுமை. ரவுண்டு முடியும்வரை அடித்துக்கொண்டே இருந்தான். மணி அடித்ததும் அவள் கவசத்தைக் கழற்றினாள், கழுத்தில் ரத்தம் இறங்கியிருந்தது. "இன்னைக்கு இந்தப் பக்கம் உட்டுட்டே, எபி," என்றாள். சண்டைக்கு இழுக்கிற குரல் இல்லை. அவன் அப்போதாவது பதறியிருக்கலாம். "ரிங்குல எவன் காதைப் பார்த்து அடிப்பான்?" என்றான். அவள் கிளவுஸைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அந்த வாரமே தண்டையார்பேட்டையில் அக்கா வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. காதும் திரும்பி வரவில்லை.

பின்னால் அவள் கோச் ஆனாள். கைக்குக் கிடைத்த பிள்ளைகளில் ஒருவன் அதியன். அவனைச் சாம்பியனாக்கியது அவள்தான். என்னைப் பழிவாங்கத்தான் என் கையைத் தேடிப் பிடித்து வளர்க்கிறாள் என்று எபிநேசர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஊரும் தலையாட்டியது. தலையாட்டுவதற்கு ஊருக்கு என்ன செலவு?

அவனுக்கு இந்த ஒரு சண்டைதான் மிச்சம். இதற்குப் பிறகு மருத்துவக் குழு அனுமதிக்காது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். ஜெயித்தால் அவன் எபிநேசர். தோற்றால் அதியனின் பழைய மாடல். தெருவில் பையன்கள் இப்போதே அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

சண்டைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கபூர் பாய் வீட்டில் உட்கார்ந்து அதியனின் பழைய சண்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாய் அவனுடைய கார்னர் மனிதர். ரவுண்டுக்கு நடுவில் தண்ணீர் கொடுப்பது, கிழிந்த புருவத்துக்கு மருந்து வைத்து அழுத்துவது, திட்டுவது எல்லாம் அவர் இலாகா. திரையில் வர்ணனையாளர் உருகிக்கொண்டிருந்தார். அதியனின் வலது கையைப் பாருங்கள், அடிக்கோல் வைத்துக் கோடு போட்டாற்போல் எத்தனை நேர், வீண் வளைவே கிடையாது, இதுவல்லவா அழகு என்றார்.

எபிநேசர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தான்.

"பாய், கொஞ்சம் பின்னால போ."

பாய் பின்னால் ஓட்டினார். இன்னொரு சண்டை, அதற்கு முந்தினது, அதற்கும் முந்தினது. எதிராளியின் இடது காது எத்தனையோ தடவை திறந்து கிடந்தது. அதியனின் வலது கை தாடைக்குப் போனது, நெஞ்சுக்குப் போனது, விலாவுக்குப் போனது. காதுப் பக்கம் ஒரு தடவைகூட வளையவில்லை. கம்ப்யூட்டர் வைத்துக் கணக்குப் போட்டவர்களெல்லாம் அதை ஸ்டைல் என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். எதிராளிகளுக்கோ, சாம்பியன் முன்னால் இடது கையை இறக்கிப் பார்க்கிற தைரியம் எங்கிருந்து வரும்?

எபிநேசர் விஷயத்தைச் சொன்னான். இடது காதை மறைக்க வேண்டியதில்லை என்றால் இடது கை முழுக்கச் சும்மா இருக்கும். மறைக்காத கை அடிக்கிற கை. ஒருவன் இரண்டு கையோடும் மற்றவன் ஒன்றரைக் கையோடும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்?

பாய் படத்தை நிறுத்தினார். அவருக்கு ஜெசிந்தாவின் காதுக் கதை தெரியும், அன்றைக்குப் பஞ்சு வைத்தவரே அவர்தான்.

"யூஸ் பண்ணிக்கப் போறியா?" என்றார்.

"பின்ன?"

"உன் இஷ்டம்டா. ரத்தம் வந்தா நிறுத்துறது என் வேலை. அத்த நான் பண்றேன்."

திரையை அணைத்துவிட்டு எழுந்து போனார். எபிநேசர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

எண்ணூரில் பழைய அனல்மின் நிலையத்தை இடித்துவிட்டுக் கட்டிய அரங்கத்தில் சண்டை நடந்தது. முதல் மூன்று ரவுண்டு எபிநேசர் நல்ல பிள்ளையாகக் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினான். நன்றாக வாங்கினான். தான் ஒரு காலத்தில் எவ்வளவு நல்ல குத்துச்சண்டைக்காரன் என்பது அவனுக்கு அன்றுதான் உறைத்தது. எதிரில் நின்று வாங்கிப் பார்க்காமல் அது யாருக்கும் தெரியாது. மூன்றாவது ரவுண்டில் வலது புருவம் கிழிந்தது, பாய் மருந்து வைத்து அழுத்தினார்.

நான்காவது ரவுண்டில் இடது கையை இறக்கினான்.

கிழவனுக்குக் கை சோர்ந்துவிட்டது என்று அரங்கமே கத்தியது. அதியன் உள்ளே வந்தான். காது திறந்திருப்பதைப் பார்த்தான், வலது கையைத் தூக்கினான். கை பாதி வழியில் நேராகிக் கழுத்தை உரசிக்கொண்டு போனது. எபிநேசரின் இடது கை கீழேயிருந்து எழும்பி அவன் தாடையில் இறங்கியது. அதியன் முகத்தில் வலியைவிடத் திகைப்புதான் அதிகம் இருந்தது.

எபிநேசர் அப்போது அதியனின் கார்னரைப் பார்த்தான். கோச் என்றால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்த வேண்டும், ஜெசிந்தா கத்தவில்லை. தன் பையனை அவள் பார்க்கவே இல்லை. எபிநேசரின் இறங்கிய கையைப் பார்த்தாள், பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை மெல்ல அசைத்தாள்.

அந்தக் கை ஏன் வளையவில்லை என்று அவளுக்குத் தெரியும். எபிநேசருக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. இன்றைக்கு நேற்றல்ல, பல காலமாகத் தெரியும். அவனோடு இருந்த நாளில் அவள் எதற்கும் வேண்டாம் என்று கேட்டதில்லை. இப்போது கேட்டாள். கையைத் தூக்கிவிட்டிருந்தால் அவன் தோற்றிருப்பான், மானமாகத் தோற்றிருப்பான். தன் சாம்பியனுக்காகக் கெஞ்சுகிறாள் என்று மனசுக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டான். மனசும் உடனே ஒத்துக்கொண்டது, அதற்கு வேண்டியதும் அதுதானே.

கையைத் தூக்கவில்லை. அதன் பிறகு அது சண்டையாகவே இல்லை. ஒவ்வொரு ரவுண்டிலும் காதைக் காட்டினான், ஒவ்வொரு தடவையும் அதியனின் கை வாசல்வரை வந்துவிட்டு எதையோ மறந்துவிட்டவன்போலத் திரும்பியது, ஒவ்வொரு தடவையும் இடது கை எழும்பியது. இடைவேளைகளில் ஜெசிந்தா அதியனின் முகத்தைத் துடைத்துவிட்டாளே தவிர அந்தக் கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியும் பயனில்லை. வருஷக்கணக்கில் தூக்கத்தில் படித்த பாடம் ஒரு நிமிஷத்தில் மறக்குமா, தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். ஒன்பதாவது ரவுண்டில் அதியன் விழுந்தான். ரெஃப்ரி எண்ணி முடித்தபோது அவன் படுத்தபடியே தன் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

எபிநேசர் இடுப்பில் பெல்ட்டைக் கட்டினார்கள். எபி, எபி என்று எண்ணூரே கூப்பிட்டது. இத்தனை வருஷம் ஏங்கிக் கிடந்த சத்தம் அது. கேட்கும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய்.

உடை மாற்றும் அறைக்கு அதியன் தனியாக வந்தான். ஒரு கண் மூடிவிட்டிருந்தது. குனிந்து எபிநேசரின் காலைத் தொட்டுவிட்டு நின்றான்.

"ஒண்ணு கேக்கலாமா, ண்ணா? தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பக்கம் என் கை ஏன் போவ மாட்டேங்குது?"

எபிநேசர் கைக்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"மொதல்லயே ஜெசிந்தா அக்காவாண்ட கேட்டேன்," என்றான் அதியன். "சரி பண்ணிக்குடு அக்கான்னேன். 'டேய், அது குறை இல்ல. அந்தக் கையில இருக்கற நல்ல குணம் அது ஒண்ணுதான், அத்த மட்டும் மாத்திக்காதே'ன்னாங்க. உங்க கைதானே, ண்ணா. அது இன்னா குணம்?"

கபூர் பாய் மருந்துப் பெட்டியை மூடிக்கொண்டு வெளியே போனார். எபிநேசர் அவிழ்த்த கட்டைத் திரும்பத் திரும்பச் சுருட்டினான். பழிவாங்க வளர்க்கிறாள் என்று இத்தனை வருஷம் ஊர் முழுக்கச் சொன்னதெல்லாம் அவன் நினைவுக்கு வந்தது. எனக்குத் தெரியாது என்று அதியனிடம் சொன்னான். அன்றைக்கு அவனால் முடிந்தது அவ்வளவுதான்.

ஜெயித்த விதத்தைத்தான் நாடே பார்த்துவிட்டதே. எபிநேசரின் சுவட்டோடு எங்கெங்கோ பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். மாவட்டப் போட்டி, பள்ளிப் போட்டி என்று அவர்கள் எங்கே இறங்கினாலும் எதிராளி இடது கையை இறக்கிக்கொண்டு சிரித்தான். சேலத்தில் ஒரு பையனுக்குப் பார்வை மங்கியது. வியாசர்பாடியில் பதினேழு வயதுப் பெண் ஒருத்திக்குத் தாடை உடைந்தது. எபிநேசர் அவளைப் பார்க்க ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், ஆரஞ்சை எப்படிச் சாப்பிடுவாள் என்பது அங்கே போன பிறகுதான் தோன்றியது.

அதற்குப் பிறகு விசுவேசன் வந்தான். தலை நரைத்திருந்தது. ஒப்பந்தத்தில் இதற்கும் இடம் இருக்கிறது, பிழை தெரிந்தால் அசல் ஆளே வந்து திருத்தப் பதிவு கொடுக்க வேண்டும் என்றான். கொடுத்துவிட்டால் எல்லாப் பிள்ளைகளுக்கும் சில வாரத்தில் சரியாகிவிடும்.

"எதிர்ல யாரு நிப்பாங்க?" என்றான் எபிநேசர்.

"பழைய பதிவோட ஒட்டணும்னா அதே கை, அதே ஆள். வேற யாரை நிறுத்தினாலும் ஒட்டல சார், பார்த்துட்டோம்."

"அவ வர மாட்டா."

"கேட்டுட்டேன். சரின்னுட்டாங்க."

பதிவு அறையில் ஜெசிந்தா அவனுக்கு முன்னாலேயே வந்திருந்தாள். கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முடியில் ஒரு பக்கம் வெளுத்திருந்தது. எபிநேசர் சட்டையை மாட்டிக்கொண்டு அவளுடைய வலது பக்கமாகப் போய் நின்றான். எப்படி இருக்கே என்று கேட்டான், இருக்கேன் என்றாள். அதியனைப் பற்றி விசாரித்தான், கண் சரியாகிவிட்டது என்றாள். பிறகு கேட்க வந்ததைக் கேட்டான்.

"தெரிஞ்சும் ஏன் சரி பண்ணாம உட்டே?"

"பண்ணியிருக்கணும். கோச்சுக்கு அதானே வேலை. அந்தப் புள்ள வாங்கின அடிக்கு நான்தான் காரணம், அவன்கிட்டயும் சொல்லிட்டேன்." கவசத்தின் வாரைக் கொஞ்ச நேரம் நீவிக்கொண்டிருந்தாள். "டெய்லி காலைல அவன் குத்திப் பழக நான் கைல பேட் மாட்டிக்கினு நிப்பேன். கை இந்தக் காதாண்ட வரும், அப்டியே ஒதுங்கிப் போயிடும். அந்த ஒரு நிமிசம் நல்லா இருந்துச்சு, எபி. அத்தப் போய்க் கெடுப்பானேன்னு உட்டுட்டேன்."

மன்னிச்சுடு என்று சொல்ல வாயெடுத்தான். அவள் எழுந்து கவசத்தை மாட்டிக்கொண்டாள்.

"வா," என்றாள். "புள்ளைங்க அடி வாங்கினு கீது."

இருவரும் கயிற்றுக்குள் இறங்கினார்கள். விசுவேசன் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஆரம்பிக்கலாம் என்று கை காட்டினான். ஜெசிந்தா காலை அகட்டி நின்று, இடது கையை இறக்கி, அந்தக் காதைத் திறந்து கொடுத்தாள். அங்கே கெட்டுப்போக இனி ஒன்றும் மிச்சமில்லை என்று அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

எபிநேசர் வலது கையைத் தூக்கினான். தயங்கும் என்று நினைத்தான். எங்கேயாவது ஒரு மூலையில் அந்தப் பழைய பழக்கம் ஒரு பிடி மிச்சமிருக்கும், அது கையைப் பிடித்து நிறுத்தும் என்று உள்ளூர வேண்டிக்கொண்டுதான் தூக்கினான். கை நிற்கவில்லை. அழகாக வளைந்து, குறி தப்பாமல் போய்க் காதில் இறங்கியது.

ஜெசிந்தா ஒரு அடி பின்னால் போய், மறுபடி வந்து அதே இடத்தில் நின்றாள்.

"சூப்பர் சார்," என்றான் விசுவேசன் ஒலிபெருக்கியில். "ரொம்பச் சுத்தமா வந்திருக்கு. ஒரு சின்ன நடுக்கம்கூட இல்ல."